சத்தமில்லாத பனிச்சப்பாத்து

அந்தக் குளிர்காலத்தில் என் மகளுக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. இரண்டு வயதிலிருந்தே அவளுக்கு முட்டு, மூச்சிரைப்பு. தடிமன், சளி என்று ஏதாவது பிடித்தால் போதும், மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ தூரத்தில் நின்று விசிலடிப்பதுபோல ஒரு சத்தம் வரும். வீட்டில் அது முதலில் எனக்குத்தான் கேட்கும். சமையலறையில் குக்கர் கொதித்துக்கொண்டிருந்தாலும், குளியலறையில் வாசிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தாலும், இரண்டு கதவுகளுக்கு அப்பால் பொம்மையோடு கதைத்துக்கொண்டிருப்பவளின் மூச்சு எனக்குக் கேட்டுவிடும். அதை ஒரு திறமை என்று நினைத்திருந்தேன்.

அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் போகப்போகும் பிள்ளைகளைக் கிண்டர்கார்டனில் ஒரு வாரக்கடைசிக்குச் சவர்லாண்ட் மலைப்பக்கம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார்கள். பெற்றோர் போகக்கூடாது. பனியில் நடப்பது, சறுக்குவண்டி ஓட்டுவது, பெரிய மரவீடு ஒன்றில் எல்லாப் பிள்ளைகளும் வரிசையாகப் படுப்பது. மகள் அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள். யாருக்குப் பக்கத்தில் படுப்பாள் என்பதும் தீர்மானமாகியிருந்தது.

குழந்தை வைத்தியர் போகட்டும் என்றார். வெளிக்கிட முன்பு மருந்தை இழுக்க வேண்டும், வாயை ஒரு துணியால் மூட வேண்டும், மற்றப்படி ஓட விடுங்கள் என்றார். என் கணவரும் போகட்டும் என்றார். மீதி நான்தான். மாத முடிவுக்குள் பதில் சொல்லும்படி கிண்டர்கார்டன் ஆசிரியை கேட்டிருந்தார். காலையில் பிள்ளையை விடப் போகும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். நான் கையுறை காணவில்லை, தொப்பி காணவில்லை என்று எதையாவது தேடுவதுபோல குனிந்துகொள்வேன்.

கடைசியில் நானே ஒரு வழி சொன்னேன். முதலில் நாங்கள் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை அதே மலைக்குப் போவோம். பனியில் நடந்து பார்ப்போம். அவளுக்கு முட்டு இழுக்காமல் இருந்தால் போகலாம். இழுத்தால், இந்த வருடம் இல்லை.

"சோதினை எண்டுறீர்," என்றார் கணவர். "பிள்ளைக்கோ, உமக்கோ?"

"விளையாடாதேங்கோப்பா."

"நான் விளையாடேல்லை. ஆர் எழுதுறது எண்டு தெரிஞ்சால்தானே பேனை வாங்கலாம்."

பேனை வாங்குவதைவிடப் பெரிய வேலை எனக்கு வந்தது. பனிக்கு என்ன உடுப்பு? எங்கள் ஆட்களில் யாரும் பனியில் வேண்டுமென்று நடக்கப் போனதாக நான் அறியவில்லை. நாங்கள் இருந்த ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனில் ஸ்னோ விழுந்தால் அது வேலைக்குப் பிந்துவதற்கும், வாசலில் உப்புப் போடுவதற்கும் உரியது. அதை வண்டியேறித் தேடிப் போவதைப் பற்றி, அடுத்த தெருவில் இருந்த அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு பஸ் ஏறக் காட்டிக்கொடுத்தவர்.

"முட்டுக்காரப் பிள்ளையைக் கொண்டு பனிக்குள்ள திரியப் போறியோ? உனக்கென்ன விசரோ?"

"டொக்டர் சொன்னவர் அக்கா."

"டொக்டருக்கென்ன, அவர் வெள்ளை. காதுக்குள்ள பஞ்சு வை. உள்ளுக்கு ரெண்டு பெனியன் போடு. நல்ல பருத்தியாப் போடு."

பருத்தி என்பதில் எனக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குழந்தை என்றால் பருத்தி, அதற்கு மேல் கேள்வி இல்லை என்றுதான் வளர்ந்தேன். ஆனால் நான் படித்த பிள்ளை. ஒரு விடயத்தைச் செய்வதற்கு முன்பு அதைப் பற்றி வாசிக்காவிட்டால் நித்திரை வராது. நகர நூலகத்தில் மலைநடை பற்றிய புத்தகமொன்றை எடுத்துவந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நின்றவுடன் உடம்பைக் குளிரச் செய்யும் என்று அதில் எழுதியிருந்தது. கம்பளி நனைந்தாலும் சூடு தரும். புதுவகைச் செயற்கைத் துணி விரைவில் காயும். எது நல்லது என்று அந்தப் புத்தகம் முடிவாகச் சொல்லவில்லை. இரண்டையும் புகழ்ந்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விட்டது. எனக்கு அந்த எழுத்தாளர்மேல் கோபம் வந்தது.

ஆகவே இரண்டையும் வாங்கினேன். வரவேற்பறையில் அறையைச் சூடாக்கும் ஹைட்சுங்குக்கு முன்னால் மகளை நிறுத்தி, முதலில் கம்பளி போட்டேன். "கடிக்குது," என்றாள். கழற்றிச் செயற்கைத் துணி போட்டேன். அது தலைமயிரை எழுப்பிச் சடசடவென்று பொறி பறக்க வைத்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. தகப்பனின் கையைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தாள். நான் அதற்கு மேலே கம்பளியைப் போட்டேன். அக்காவின் முகம் நினைவுக்கு வர, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பருத்திப் பெனியனையும் போட்டேன். பிறகு புத்தகத்தின் முகம் நினைவுக்கு வர, அதைக் கழற்றினேன். மகள் பொறுமையாகக் கைகளைத் தூக்கிக்கொண்டே நின்றாள். கோயில் சுரூபத்துக்குப் புதுச் சட்டை மாற்றுவதுபோல இருக்கிறது என்று கணவர் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை மலை முழுவதும் மூடுபனிப் புகாருக்குள் கிடந்தது. வண்டி ஏற ஏற வீடுகளின் கூரைகள் குறைந்தன, பிறகு வேலிகள் குறைந்தன, பிறகு பாதையின் கரையில் நட்டிருந்த கம்புகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து போயின. எல்லாம் பால் கலந்த தண்ணீருக்குள் இருப்பதுபோலத் தெரிந்தது. மகள் கண்ணாடியில் மூக்கை வைத்து, தான் விடும் மூச்சில் படம் கீறிக்கொண்டு வந்தாள். நான் அந்த மூச்சை எண்ணாமல் இருக்க முயன்றேன்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு மரக்கொட்டில். பனியில் கால் புதையாமல் இருக்கச் சப்பாத்தின் அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டங்களை அங்கே வாடகைக்குக் கொடுத்தார்கள். ஜேர்மன்காரர் அதை ஷ்னேஷூ என்பார்கள். நாங்கள் பனிச்சப்பாத்து என்று பெயர் வைத்துக்கொண்டோம். இடப்பக்கச் சுவரில் புதியவை தொங்கின. பிளாஸ்டிக்கும் அலுமினியமும், அடியில் இரும்புப் பற்கள், காலை வைத்து இழுத்தால் கிர்ரென்று இறுகும் பட்டி. வலப்பக்கச் சுவரில் பழையவை இருந்தன. வளைத்த மரச்சட்டம், அதற்குள் கயிற்றுக்கட்டில்போல பதப்படுத்தாத தோலால் பின்னிய வலை, கட்டுவதற்குத் தோல்வார். பார்வைக்கு மீன் வடிவில் இருந்தன.

கணவருக்கு யோசனையே இல்லை. அவர் வேலை செய்தது பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் ஆலையில். "நான் கிழமை முழுக்க இதோட மாரடிக்கிறன். இது உடையாது. உந்த மாட்டுத்தோலை ஆர் நம்புறது?"

கொட்டிலில் நின்ற பெண் ஒரு மாணவியாக இருக்க வேண்டும். பாடப்புத்தகம் ஒன்று மேசையில் கவிழ்ந்து கிடந்தது. வித்தியாசம் என்ன என்று அவளிடம் கேட்டேன். மென்பனியில் மரம் நல்லது, இறுகிய பனியிலும் சரிவிலும் புதியது நல்லது என்றாள். இன்று எந்தப் பனி என்று கேட்டேன். தோளைக் குலுக்கி, "இரண்டும்," என்றாள். அவளும் அந்தப் புத்தகத்தின் ஆள்தான்.

அப்போது கொட்டிலுக்கு வெளியே ஒரு குடும்பம் புதிய சட்டங்களோடு நடந்து போனது. டக், டக், டக் என்று பிளாஸ்டிக் குதிகாலில் அடிபடும் சத்தம். அந்தச் சத்தத்தில் அவர்கள் கதைத்தது எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. உடனே நான் முடிவெடுத்துவிட்டேன். மரம். மரம் சத்தம் போடாது. சத்தம் போடாவிட்டால் பிள்ளையின் மூச்சு எனக்குக் கேட்கும்.

பிள்ளையின் அளவுக்கு மரத்தில் இல்லை என்றாள் அந்தப் பெண். மகள் ஏற்கெனவே சிவப்புப் பிளாஸ்டிக் சோடி ஒன்றை நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தாள்.

நடக்கத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே என் கணக்குப் பிழை என்று தெரிந்துவிட்டது. என் கால்கள் பஞ்சில் வைத்ததுபோல மெல்ல இறங்கி மெல்ல எழுந்தன. ஒரு நிறைமாதக்காரியின் நடைபோல அகலமாக, ஆறுதலாக நடந்தேன். அந்த அமைதிக்கு முன்னால் என் மகள் டக்குடக்கென்று போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் தகப்பன் இன்னும் பெரிய டக்.

"உம்மட மௌனம் ஆருக்குப்பா?" என்று அவர் திரும்பாமலே கேட்டார்.

ஆகவே நான் அவளை நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். "ஒருக்கா நில்லுங்கோ குஞ்சு." குனிந்து கழுத்துத் துணியை விலக்கிக் காதை வைப்பேன். ஒன்றுமில்லை. கொஞ்சத்தூரம் போனதும் மறுபடி. மூன்றாவது தரமோ நாலாவது தரமோ, அவள் என் காதுக்குள் வேண்டுமென்றே பூவென்று ஊதினாள். "கேட்டதோ? இனி நான் போகட்டோ?"

பிறகு கொஞ்ச நேரம் நான் அவளை நிறுத்தவில்லை. ஏன் என்று இப்போதும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஊசியிலை மரங்கள் இரண்டு பக்கமும் வந்து நின்றன. கிளைகளில் இருந்த பனி தானாகச் சரிந்து தூளாகப் பறந்தது, அது கீழே வந்து சேர நெடுநேரம் எடுத்ததுபோல இருந்தது. மேலே ஆகாயம் எங்கே தொடங்குகிறது, கீழே நிலம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. என் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல தங்கள் பாட்டுக்கு நடந்தன. எதைச் சமைப்பது, டொக்டரிடம் எந்த டெர்மின் எந்தக் கிழமை, எந்த மருந்து முடிகிறது என்று எப்போதும் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு நின்றுபோயிருந்ததை, அது நின்று சிறிது நேரத்துக்குப் பிறகுதான் கவனித்தேன். கவனித்தவுடன் பயம் வந்தது. எதையோ மறந்துவிட்டேனோ? மருந்துக் குழலைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்தேன். இருந்தது.

பாதை வளையும் இடத்தில் ஒரு சிற்றாலயம். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் காட்டுக்குள் கட்டி வைப்பது, நாலு பேர் நிற்கக்கூடிய அளவு. உள்ளே மாதா, காலடியில் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. யார் அந்தப் புகாருக்குள் வந்து ஏற்றிவிட்டுப் போனார்களோ. மாதாவைக் கண்டவுடன் நான் யோசிக்கவில்லை. வாசலில் குந்தி, தோல்வாரை அவிழ்த்து, பனிச்சப்பாத்தைக் கழற்றினேன். பிறகு உள்ளே இருந்த சப்பாத்தையும் கழற்றினேன். நகரத்துக் கோயிலுக்குள் சப்பாத்தோடு போகப் பழகி எத்தனையோ வருடம். ஆனால் அது பெரிய கோயில், வாங்கு வரிசை, ஓர்கன், குளிர். இது ஊரில் மடு மாதா கோயிலில் நாங்கள் சிறுவயதில் போய் நிற்கும் சின்னக் கெபிபோல, கற்குகைபோல இருந்தது. கை தன் பாட்டில் காலுக்குப் போய்விட்டது. மகளும் நான் செய்ததைச் செய்தாள். கணவர், "என்னப்பா இது, ஸ்னோவுக்கையோ?" என்று கேட்டுக்கொண்டே தானும் கழற்றினார்.

கல்லின் குளிர் காலுறைக்கூடாக எலும்புக்கு ஏறியது. நான் கேட்டது ஒன்றுதான்: எனக்கொரு முடிவைச் சொல்லிவிடு தாயே. மகள் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெளியே ஜேர்மன் தம்பதி ஒன்று வந்து நின்றது கேட்டது. வாசலில் பனிக்குமேல் மூன்று சோடிச் சப்பாத்து, பெரிதிலிருந்து சிறிதாக, எங்கள் வீட்டு வாசலில் இருப்பதுபோல வரிசையாக இருந்தன. அந்த மனிதர் தலையை உள்ளே நீட்டி, என் கணவரின் காலுறைகளைப் பார்த்து மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "மன்னிக்க வேண்டும், உள்ளே தரைக்குக் கீழே ஹைட்சுங் போட்டிருக்கிறார்களா?"

என் கணவர் அதே மரியாதையோடு, "இல்லை, இன்னும் அனுமதி கிடைக்கவில்லை," என்றார். அந்த மனிதரின் மனைவி சிரித்த சிரிப்பில் கிளையிலிருந்து பனி விழுந்தது.

அவர்கள் போனபிறகு வெளியே வந்தோம். கணவர் காலை வைத்தார், கிர்ர், முடிந்தது. மகளின் சிவப்புச் சோடியைப் பூட்டினார், கிர்ர், கிர்ர், முடிந்தது. நான் தோல்வாரை எடுத்தேன். அது தோல்வாராக இல்லை. நடையில் நனைந்திருந்தது, நான் ஜெபித்த நேரத்துக்குள் உறைந்து கருவாடாகியிருந்தது. வளையத்துக்குள் நுழைக்க வளைத்தால் வளையவில்லை. கையுறையைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து ஊதினேன்.

"மாதாவிட்டைச் சொல்லி இளக்கும்," என்றார் கணவர்.

"பகிடி விடாமல் பிடியுங்கோ இஞ்ச."

நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அந்த வாரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது டக் டக் என்ற சத்தம் எங்களை விட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்தபோது மகள் இல்லை. ஆலயத்துக்குப் பின்னால் சரிவில்லாத ஒரு வெட்டவெளி. அதன் மேல் புகார். புகாருக்குள் ஓர் இடத்தில் மெல்லிய சிவப்பு, அதுவும் கரைந்துவிட்டது.

கூப்பிட்டேன். ஓடினேன். இரண்டாவது அடியில் முழங்கால்வரை புதைந்தேன். காலை இழுத்தால் மற்றக்கால் புதைந்தது. என்னுடைய சத்தமில்லாத பனிச்சப்பாத்து ஆலயத்து வாசலில் சுவரில் சாய்ந்து கிடந்தது.

"இஞ்சருங்கோ, பிள்ளை!"

கணவர் ஏற்கெனவே புறப்பட்டிருந்தார். ஆனால் ஓடவில்லை. கொஞ்சத்தூரம் போய் நின்று, கையைத் தூக்கி எனக்குப் பேசாதே என்று காட்டினார். "சத்தம் கேக்குதெல்லோ? அப்ப ஆள் நல்லாயிருக்கிறா."

நான் பேசாமல் நின்றேன். முழங்கால்வரை பனியில், தலைவரை புகாரில். மூச்சு எனக்குக் கேட்கவில்லை. அவள் பிறந்த பிறகு அவள் இருக்கும் இடத்தில் நானும் இருந்து, அவளுடைய மூச்சு எனக்குக் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். கேட்டதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக்தான். டக்டக்டக்டக். ஓடுகிறாள். சத்தம் இடப்பக்கம் போனது, வளைந்தது, அகன்றது. நின்றது. கணவரும் அசையவில்லை. உலகத்தில் எந்தச் சத்தமும் இல்லை, வெள்ளை மட்டும் இருந்தது. பிறகு மறுபடி டக்டக்டக், அதே வேகத்தில், வட்டமாக, பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல. முட்டு வந்த பிள்ளை அப்படி ஓடாது. முட்டு வந்தால் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், தோள்கள் மேலே ஏறி இறங்கும். அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஓட்டம் எனக்குத் தெரியாத ஓட்டம். இப்படி அவள் ஓடுவதற்கு நான் இதுவரை இடம் கொடுத்ததில்லை.

சிவப்பு முதலில் வந்தது, பிறகு அவள் வந்தாள். கழுத்துத் துணி எங்கேயோ கீழே தொங்கியது.

"அம்மா, ஒரு முயலின்ர கால் தடம். சுத்திச் சுத்திப் போகுது. நீங்கள் ஏன் வரேல்லை?"

"எனக்கு ஏலாமப் போச்சு."

அவள் என் புதைந்த கால்களைப் பார்த்தாள். "நீங்கள் பிளாஸ்டிக் போட்டிருக்கலாம்," என்றாள், தகப்பனின் குரலிலேயே.

நெஞ்சில் காதை வைத்தேன். வேகமாக மூச்சு வாங்கினாள். ஓடிவந்த எந்தப் பிள்ளையும் வாங்கும் மூச்சு. விசில் இல்லை. இருந்தும் இன்னொருமுறை வைத்தேன்.

மரச்சட்டங்களைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்கள் இருவரும் முன்னால் மிதித்துக்கொடுத்த தடத்தில் புதைந்து புதைந்து இறங்கினேன். வண்டியில் ஏறிச் சூட்டைக் கூட்டியதும் தோல்வார் தானாக இளகி, என் மடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டது. "இப்ப கட்டலாம்," என்றார் கணவர். அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக அப்போதுதான் வண்டியைக் கொட்டிலடிக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவள் இருமுவாளா என்று பார்த்தேன். தும்மினாள், ஒரு தரம். அது மிளகாய்த்தூளுக்கு.

திங்கட்கிழமை கிண்டர்கார்டன் வாசலில் ஆசிரியை வழமைபோலச் சிரித்தார். தேட என்னிடம் கையுறை இருந்தது, தொப்பியும் இருந்தது. நான் குனியவில்லை. வருகிறாள் என்று ஜேர்மனில் சொல்வதற்கு வீட்டிலிருந்து ஒரு நல்ல வசனம் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அது வரவில்லை. தலையை ஆட்டி, தமிழிலேயே "ஓம்," என்றேன். அவருக்கு விளங்கியது. மருந்துக் குழலை எப்படிப் பிடிப்பது என்று இரண்டு தரம் காட்டினேன். மூன்றாந்தரம் அவர் எனக்குக் காட்டினார்.

புறப்படும் காலையில் கம்பளியையும் செயற்கைத் துணியையும் இரண்டையும் பையில் வைத்தேன். எதைப் போடுவது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று கணவர் சொன்னார். பார்த்துக்கொள்வாளா என்று எனக்குச் சந்தேகம்தான். பஸ்ஸில் ஏறியதும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. யன்னல் பக்கத்துக்கு இன்னொரு சிறுமியோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாக் கண்ணாடிகளும் உள்ளே இருந்த பிள்ளைகளின் மூச்சில் மூடுண்டுவிட்டன. எந்தப் பக்கம் அவளுக்கு இடம் கிடைத்தது என்று தெரியவில்லை. பஸ் திரும்பும்வரை நான் நடைபாதையின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் மாறி மாறி நின்று, இரண்டு பக்கத்துக்கும் கை காட்டினேன்.